அறுத்தெடுத்த குழாய்

கஸூவா சாவியைத் திருகினாள். பக்கத்தில் நின்ற ஏதோ லாரிதான் வெடித்துவிட்டது என்று பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். லாரியே இல்லை. சத்தம் அவளுடைய சின்ன ஹோண்டா காரின் வயிற்றுக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கால் வைக்கும் இடம் அதிர்ந்தது. ஸ்டியரிங் அதிர்ந்தது. அவள் பல்கூட அதிர்ந்தது.

இறங்கிக் குனிந்து பார்த்தாள். இஞ்சினிலிருந்து வரும் குழாய் பாதியில் நின்றது. பின்னால் சைலன்சருக்குப் போகும் குழாய் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. நடுவில் இருக்கவேண்டிய கன்வர்ட்டரைக் காணவில்லை. புகையைச் சுத்தம் பண்ணும் அந்த டப்பாவுக்குள் விலை உயர்ந்த உலோகம் இருக்கிறது என்றும், அதற்காகவே ஊரெல்லாம் அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்றும் டிவியில் பார்த்திருந்தாள். பட்டப்பகலில், ஆஸ்பத்திரி ஊழியர்கள் வண்டி நிறுத்தும் இடத்தில், காவலாளி உட்கார்ந்திருக்கும் கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அது நடக்கும் என்று மட்டும் நினைத்ததில்லை.

ஹால்வர்சன் என்ற அந்தச் சின்ன அமெரிக்க ஊரின் ஆஸ்பத்திரியில் அவள் மொழிபெயர்ப்பாளர். சிறுநீரகம் பழுதாகி ரத்தம் சுத்திகரிக்க வரும், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்த அவளுடைய மோங் இனத்துக் கிழவர்களுக்கு டாக்டர் சொல்வதை அவர்கள் மொழியில் சொல்லி, அவர்கள் திட்டுவதை நாசூக்காக டாக்டருக்குச் சொல்வது அவள் வேலை. அன்று காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது. இருந்தாலும் நேரே காவலாளியிடம் போனாள்.

டாரெல் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"டாரெல், என் வண்டிகிட்ட யாராவது வந்தாங்களா?"

"ஆமாம்மா. மத்தியானம் ஒரு ஆள் அடியில படுத்து வேலை செஞ்சிட்டிருந்தானே. ரம்பம் சத்தம்கூடக் கேட்டுச்சு."

"பாத்துட்டு சும்மாவா உக்காந்திருந்தீங்க?"

"உங்க தம்பியோ யாரோன்னு நெனச்சேன். உங்க ஆளுங்கதான் எப்பப் பாத்தாலும் வண்டிக்கு அடியிலயே கிடப்பாங்களே. நல்ல வேலைக்காரங்க, அதுல சந்தேகமே இல்ல."

"அவன் எங்க ஆளுன்னு எப்படித் தெரிஞ்சுது? மூஞ்சியப் பாத்தீங்களா?"

"மூஞ்சி எங்க தெரிஞ்சுது? காலுதான் வெளியே நீட்டிட்டிருந்துச்சு."

"காலப் பாத்தே எங்க ஆளுன்னு கண்டுபிடிச்சிட்டீங்க! உங்களையெல்லாம் எல்லையில நிறுத்தணும்."

டாரெல் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தொங்கிய குழாயைக் கம்பியால் இழுத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். நெடுஞ்சாலை வேண்டாம் என்று உள்தெருக்களில் ஊர்ந்து போனாள். நடைபாதையில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு முறைத்தார்கள். ஒரு கைக்குழந்தை அலறியது. ஒவ்வொருவரையும் நிறுத்தி "நான் இல்லைங்க" என்று சொல்லவேண்டும் போல் இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது.

போலீஸ்காரன் இளைஞன். அவளைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அவன் முடிவுக்கு வந்துவிட்டது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இந்தச் சத்தம் சட்டப்படி தப்புன்னு தெரியுமா மேடம்?"

"தெரியும். யாரோ என் குழாயை அறுத்துட்டுப் போயிட்டாங்க. இப்பத்தான், ஆஸ்பத்திரியில. நான் திருட்டுக் கொடுத்தவ, சார்."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. பெரிய சைலன்சரை மாட்டி ரேஸ் விடறது. புடிச்சா திருடு போச்சுங்கறது."

"எனக்கு நாப்பது தாண்டியாச்சு. பின்சீட்ல பாருங்க, அரிசி மூட்டையும் எங்கம்மா புடிச்சு நடக்கற வண்டியும் இருக்கு. இதை வெச்சிக்கிட்டா நான் ரேஸ் விடறேன்?"

அவன் பின்சீட்டைப் பார்க்கவில்லை. அபராதச் சீட்டை எழுத ஆரம்பித்தான்.

"ஒரு தடவை குனிஞ்சு பாருங்க சார். அறுத்த இடம் பளபளன்னு புதுசா தெரியும்."

"அது என் வேலை இல்ல மேடம்."

அந்த நேரம் பார்த்து, ஆள் உயரச் சக்கரம் வைத்த ஒரு பிக்கப் வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு இருவரையும் கடந்தது. அதன் உறுமலில் போலீஸ்காரன் சொன்ன அடுத்த வார்த்தையே காதில் விழவில்லை. கஸூவா கையை நீட்டிக் காட்டினாள்.

"அது?"

"அது டீசல்" என்றான் அவன், தாளைக் கிழித்து நீட்டியபடி. "சொல்றதை விசாரணையில சொல்லுங்க."

வீடு வந்து சேர்ந்ததும் அவள் அழவில்லை. அரிசி மூட்டையை இறக்கிச் சமையலறைத் தரையில் தொப்பென்று போட்ட வேகத்தில் அது ஓரத்தில் பிரிந்துகொண்டது. போலீசுக்கு ஃபோன் செய்து புகார் பதிந்தாள். எதிர்முனையில் இருந்தவள் கொட்டாவி விட்டது நன்றாகக் கேட்டது. காப்பீட்டுக் கம்பெனி அவளுடைய வகைக் காப்பீட்டில் இது சேராது என்றது. பழுதுபார்க்கும் கடைக்காரன், கம்பெனிச் சாமான் போட்டால் வண்டியின் மதிப்பைவிட அதுதான் அதிகம் வரும் என்று அனுதாபத்தோடு சொன்னான். கடைசியில் தம்பி ஃபெங்கை ஃபோனில் கூப்பிட்டாள்.

ஃபெங் குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்பவன். மற்ற நேரமெல்லாம் வண்டிதான். செயிண்ட் பால் நகரின் கிழக்குப் பகுதியில் சின்ன ஹோண்டாவைத் தாழ்த்தி, குழாய் மாற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக நிறுத்தி அழகு பார்க்கும் கூட்டத்தில் அவனும் ஒருவன். அக்கா சொன்னதைக் கேட்டதும் அவனுக்கு வருத்தத்தைவிட உற்சாகம்தான் முந்திக்கொண்டது.

"கவலைய விடுக்கா. முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் முழு செட்டா வெளிக்கம்பெனி குழாய் போட்டுடலாம். துருப்பிடிக்காத எஃகு. பனிக்காக ரோட்டுல கொட்டற உப்புக்கெல்லாம் அசையாது. சைலன்சர் மட்டும் நான் சொல்றத வாங்கு. வாயி அவ்ளோ பெருசா இருக்கும்."

"சோத்துப் பானை மாதிரி வாய் வெச்சு நான் எங்கடா போகப்போறேன்? இருக்கறதுலயே ஊமையான சைலன்சரா வாங்கு. இன்னொரு தடவை என்னை எவனும் நிறுத்தக் கூடாது."

"ஊமை சைலன்சர் போட்ட வண்டி என் வீட்டு வாசல்ல நின்னா என் மானம் என்னாவறது?"

"அவங்க மானம் போனாப் போகட்டும் அண்ணி" என்று ஃபோனுக்கு எட்டும்படி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள் ஃபெங்கின் மனைவி மைகோ. "நீங்க அமைதியானதா வாங்குங்க. இந்த வீட்ல ஒரு வண்டியாவது பேசாம இருக்கட்டும்."

சனிக்கிழமை காலை ஃபெங்கின் வீட்டு வாசலில் வேலை தொடங்கியது. புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வண்டியை ஜாக்கியால் தூக்கி, நாலு மூலைக்கும் இரும்புத் தாங்கி கொடுத்து, உடம்பால் முட்டி ஆட்டிப் பார்த்த பிறகே ஃபெங் அடியில் போனான். கஸூவாவும் ஓர் அட்டையை விரித்து மறுபக்கமாக உள்ளே நுழைந்தாள். யாரோ ஒருவன் இதே இடத்தில் மல்லாந்து படுத்து, தன் வண்டியின் வயிற்றைக் கூசாமல் அறுத்திருக்கிறான் என்ற எண்ணம் வந்ததும் ஸ்பானரை எட்டி எடுத்தாள்.

பழைய போல்ட்டுகள் துருவேறிக் குழாயோடு ஒன்றாகிப் போயிருந்தன. முந்தின நாளே எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தும் ஒன்று நகர மறுத்தது. ஃபெங் நெருப்புக் குழாயைப் பற்றவைத்து நட்டு சிவக்கும்வரை காட்டினான். கஸூவா ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்து, டாரெலை நினைத்துக்கொண்டு ஓர் இழு இழுத்தாள். கிறீச்சிட்டுக் கழன்று வந்தது.

"அக்கா, உன் கோபத்தை பாட்டில்ல புடிச்சு வித்தா எண்ணெய்க் கம்பெனிக்காரன் கடைய மூடிடுவான்."

சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களுக்குள் புதுக் குழாயின் கொக்கிகள் நுழைய அடம்பிடித்தன. மைகோ பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தாள். தடவியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. ஃபெங் எதையும் உடனே முறுக்கிவிடவில்லை. முதலில் எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, அச்சில் இடிக்காமல் குழாயை அப்படி இப்படித் திருப்பிச் சரிபார்த்தான். நடுவில் கன்வர்ட்டருக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

"புது கன்வர்ட்டர் எங்கயும் ஸ்டாக் இல்ல. இப்ப நாடு பூரா கேக்கறான். ஆனா தம்பி சும்மா இருப்பானா?" என்றபடி உருண்டு வெளியே வந்த ஃபெங், கொட்டகைக்குள் போய் ஒரு துணிப் பையோடு திரும்பினான். "நல்ல சாமான். தெரிஞ்ச பையன்கிட்ட சல்லிசா கெடச்சுது."

கஸூவா பையைப் பிரித்தாள். உள்ளே ஒரு கன்வர்ட்டர். இரண்டு முனையும் கோணல்மாணலாக, அவசரமாக அறுக்கப்பட்டிருந்தன. அவளுடைய வண்டியில் மிச்சமிருந்த குழாயின் முனைபோலவே பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பினாள். மறுபக்கம் ஆரஞ்சு நிறச் சாயம். சாயத்துக்கு மேல் ஆணியால் கீறிய எழுத்தும் எண்ணும்.

"டேய், இது என்னடா?"

"அது ஏதோ பழைய கிறுக்கல்க்கா. தேச்சா போயிடும்."

"வண்டி நம்பர்டா இது! திருடு போகக் கூடாதுன்னு யாரோ மண்ணுல படுத்து, மூச்சைப் புடிச்சு சாயம் பூசி, எழுதி வெச்சிருக்காங்க. உனக்குக் கிறுக்கலாத் தெரியுதா?"

ஃபெங் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"யாருகிட்ட வாங்கின?"

"ரிக்கிகிட்ட."

"போன கோடைக்கு நம்ம வீட்ல வந்து ஒக்காந்து ஒண்டியா ஒரு கோழிய முழுங்கினானே, அந்த ரிக்கியா?" என்றாள் மைகோ.

"அவன் பழைய வண்டிக் கிடங்குல எடுத்தேன்னுதான் சொன்னான்."

"நீ நம்பினியா?" என்றாள் கஸூவா. "எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நம்பினியா?"

அவன் பார்க்கவில்லை. "அக்கா, அவங்களுக்குப் போனது போச்சு. நீ மாட்டலன்னா மட்டும் இது நடந்துபோய் அவங்க வண்டியில ஒட்டிக்கப் போகுதா? உனக்கும்தானே செஞ்சாங்க? உன்னுது இப்ப யார் வண்டியில இருக்கோ!"

"அதைத்தாண்டா நானும் சொல்றேன்! என்னுது வேற எவளோ வண்டியில ஓடிட்டிருக்கும். அவளுக்கும் உன்ன மாதிரி ஒரு நல்ல தம்பி இருப்பான். சல்லிசா கெடச்சுதுன்னு கொண்டாந்து குடுத்திருப்பான். அந்தக் காவல்காரன் கால மட்டும் பாத்துட்டு உங்க ஆளுன்னு சொன்னப்போ என் வயிறு எரிஞ்சுது. இப்ப அவன் வந்து இந்தப் பையத் தொறந்து பாத்தான்னா, நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

தெருவில் நாயோடு போன பக்கத்து வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டார். கஸூவா கன்வர்ட்டரைப் பையில் திணித்தாள்.

"வண்டிய எடு. ஹால்வர்சன் ஸ்டேஷனுக்குப் போறோம்."

"உனக்கென்ன பைத்தியமா? உன்னத்தான் திருடின்னு சொல்லுவாங்க!"

"சொல்லட்டும். அபராதம் போட்டவங்கதானே, அதையும் சேத்து எழுதிக்கட்டும்."

ஃபெங் கூட்டிப் போனான். ஆனால் ஸ்டேஷன் வாசலில் இறங்க மறுத்துவிட்டான். கஸூவா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாக உள்ளே போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்த வழுக்கைத் தலை அதிகாரி பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"எங்க குடும்பத்துல ஒருத்தர் தெரியாம வாங்கிட்டாங்க. அதுல ஒரு வண்டி நம்பர் இருக்கு. சொந்தக்காரங்களத் தேடிக் குடுங்க."

"யாரு வாங்கினது? எப்ப? உங்க அடையாள அட்டையக் குடுங்க. அங்க போய் உக்காருங்க."

"நம்பரைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க சார் முதல்ல."

"கேள்விய நான் கேக்கறேன் மேடம்."

அவளுக்குள் ஏதோ அறுந்தது. "என் வண்டியில திருடினப்போ இத்தனை கேள்வி யாரும் கேக்கல. கொட்டாவிதான் விட்டாங்க. உங்க ஆளு என்ன நிறுத்தினப்போ குனிஞ்சு ஒரு பார்வை பாக்கச் சொன்னேன், அது என் வேலை இல்லன்னு அபராதம் எழுதினாரு. இப்ப திருட்டுச் சாமான நானே சுமந்துட்டு வந்து உங்க மேஜையில வெக்கறேன், என்ன ஓரமா உக்காரச் சொல்றீங்க. திருடினவன் எங்க உக்காந்திருக்கான்? அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கீங்களா?"

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அதிகாரியின் கழுத்து சிவந்தது. அவர் எழுந்து நின்றபோது பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஃபெங் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வந்து நின்றான்.

"வாங்கினது நான் சார். எங்கக்காவுக்குச் சம்பந்தமில்ல. வித்தவன் பேரு, அவன் ஃபோன் நம்பரு, எல்லாம் சொல்றேன்."

அன்று மாலைவரை அவனைத் துருவினார்கள். எச்சரித்து வெளியே விட்டார்கள். வீட்டில் மைகோ வைத்த கோழி ரசத்தைக் குடித்து முடித்ததும் ஃபெங் மெல்லச் சொன்னான்: "நம்பலக்கா. ரிக்கி சொன்னத நான் நம்பல. கேக்கக்கூடாதுன்னுதான் கேக்கல."

"தெரியும்" என்றாள் கஸூவா.

புது கன்வர்ட்டர் வரும்வரை ஹோண்டா தாங்கிகளின்மேலேயே நின்றது. அவள் பஸ் மாறி மாறி வேலைக்குப் போனாள். டாரெலின் கூண்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வந்த பெட்டியில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று அவளே பார்த்துப் பிரித்தாள். ஃபெங் புகை கசியாமல் இருக்க கேஸ்கெட் வைத்து இரண்டு பக்கமும் பொருத்தி, இஞ்சின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினான். சென்சார் வயரைச் சூடு படாமல் கட்டினான். எல்லாவற்றுக்கும் அடியில், எளிதில் ரம்பம் நுழையாதபடி தடித்த இரும்புத் தகடு ஒன்றைப் பூட்டினான். தகட்டுக்கு அவன் காசு வாங்கவில்லை. அவளும் கொடுக்க முயலவில்லை.

சாவியைத் திருகினாள். இஞ்சின் ஓடுகிறதா என்பதை மீட்டர் முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஃபெங் பின்னால் குனிந்து குழாயின் வாயருகில் கையைக் காட்டினான்.

"மூச்சு விடுது. ஆனா பேசமாட்டேங்குது" என்றான் ஏமாற்றத்தோடு.

அபராத விசாரணைக்கு, அறுபட்ட குழாயின் புகைப்படங்களைக் கொண்டுபோனாள். விசாரித்த கண்ணாடி போட்ட அம்மாள் அவற்றைப் புரட்டிப் பார்த்தாள்.

"திருடு போச்சுன்னு அப்பவே அதிகாரிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன்."

"ஓ" என்றாள் அந்த அம்மாள். "சரி, அபராதம் தள்ளுபடி. அடுத்தவங்கள வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான். ஒரு வருத்தம் தெரிவிக்க யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு மன்னிப்பாவது கேட்கவைக்க வேண்டும் என்று கஸூவா அங்கேயே நின்றாள். அந்த அம்மாள் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டாள். வராந்தாவில் இருந்தவர்களிடமெல்லாம் கஸூவா தன் கதையைச் சொன்னாள். பாதிப் பேருக்கு அதே மாதிரி ஒரு கதை இருந்தது.

ரிக்கி ஊரைவிட்டே போய்விட்டான் என்று கேள்விப்பட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து செய்தியும் இல்லை. இரண்டு முறை அவளே கூப்பிட்டு, தன் ஃபோன் எண்ணை அந்த நம்பர் வண்டியின் சொந்தக்காரரிடம் கொடுக்கச் சொன்னாள். குளிர் இறுகி ஏரிகள் உறைந்த சமயத்தில் ஒரு நாள் ஃபோன் வந்தது. பேசியவள் பெயர் கேரல். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை.

"என் டப்பாவக் கொண்டுபோய்க் குடுத்தது நீங்கதானாமே? யாரு இப்படிப் பண்ணுவாங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"அது இப்ப உங்க கையில வந்துடுச்சா?"

"வந்து என்ன பண்ண? ரிப்பேர் பண்ண முடியாம வண்டிய அப்பவே பழைய இரும்புக்குத் தள்ளிட்டேன். இப்ப ரெண்டு பஸ் மாறிப் போறேன். பசங்களுக்குக் காலைச் சாப்பாடு போடணும்ல, விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும்."

இருவரும் சேர்ந்து திருடனைத் திட்டினார்கள், போலீசைத் திட்டினார்கள், பஸ்ஸையும் பனியையும் திட்டினார்கள். ஃபோனை வைத்த பிறகும் கஸூவாவுக்கு ஆறவில்லை. நேரே ஃபெங் வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவனுக்கு வலிக்கவேண்டும் என்றுதான் சொன்னாள். வலித்தது.

அவன் ஜன்னல் வழியே கொல்லையில் பனி மூடி நின்ற பழைய காரைக் காட்டினான். "பின்னால நிக்குதே, அந்த கரோலாவ ஒரு வாரத்துல ஓடவெச்சிடலாம். அவங்களுக்கு ஆகுமா, கேளேன்."

"செஞ்ச தப்ப ஒரு பழைய வண்டியக் குடுத்துக் கழுவப் பாக்கறியா?"

"ஆமா" என்றான் ஃபெங்.

அவள் அவனை முறைத்தாள். பிறகு எண்ணைத் தேடி எடுத்தாள். கேரல் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை.

"யாரு வண்டி அது? முறையா வாங்கினதா?" என்று கறாராகக் கேட்டாள்.

அந்தக் கேள்வி கஸூவாவுக்குப் பிடித்திருந்தது.

"என் தம்பி வண்டி. எல்லாம் சரியா இருக்கான்னு நானே பேப்பரைப் பாத்துட்டுதான் கூப்பிடறேன்" என்றாள், ஃபெங்கின் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தி. "அவனை நான் இன்னும் நம்ப ஆரம்பிக்கல."